வெல்வெட்டுக்குள் அடங்காத வேலு நாச்சியார்

சரித்திர நாடகம் போட நினைப்பவர்கள் முதலில் நல்ல பிரதியைத் தேடுவதாகச் சொல்லிக்கொள்வார்கள். நாம் பார்த்த வரையில் முதலில் தேடப்படுவது உடைதான். வாடகைக் கடைப் பெட்டியில் இருக்கும் அங்கிக்குள் எவர் நுழைய முடிகிறதோ அவரே கட்டபொம்மன். நுழைய முடியாதவர் வாயிற்காவலன்; அதற்கும் இடமில்லையென்றால் திரை இழுப்பவர்.

கூடலூரை அடுத்த ஓவேலி போன்ற தோட்டப் பகுதிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பள்ளி ஆண்டு விழாவுக்கும், சுதந்திர தின மாறுவேடப் போட்டிக்கும், இலக்கிய ஆர்வலர்கள் சேர்ந்து போடும் சிறு நாடகத்துக்கும் உடை வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். கூடலூரில் கிடைக்கவில்லையென்றால் ஊட்டி, அங்கும் இல்லையென்றால் மலையிறங்கிக் கோவை. அத்தனை தூரம் கடந்து வந்து சேரும் வெல்வெட் அங்கி பெரும்பாலும் ஒரே அளவில்தான் இருக்கும். சற்றுப் பருமனான பெண் ஒருத்தி அதை அணிந்தால் முதுகுப் பக்கம் மூடாது. நான்கு ஊக்குகளைக் குத்தி, மேலே ஒரு துப்பட்டாவைப் போட்டு மறைப்பார்கள். வாளை உயர்த்தினால் கக்கத்தில் தையல் விடும் என்பதால் அவள் கையைத் தூக்காமலே வெள்ளையரை எதிர்க்கவேண்டும். இல்லையேல் வசனம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருக்கும் அவள் தோழி வேடத்துக்கு அனுப்பப்படுவாள். வசனத்தில் தடுமாறும் மெலிந்த பெண் வேலு நாச்சியாராக நிற்பாள்.

இதைச் சின்ன விஷயம் என்று நாம் நினைக்கவில்லை. பருமனான உடல் என்றால் கும்பகர்ணன், கடோத்கஜன், அதுவும் இல்லையென்றால் கோமாளி என்பது நம் மேடைகளில் எழுதப்படாத சட்டம். வரலாற்றின் பெருமைக்குரிய இடங்களில் தன் போன்ற உடலுக்கு இடமில்லை என்று ஒரு குழந்தை பத்து வயதிலேயே அறிந்துகொள்கிறது. அதை அதற்குக் கற்பிப்பது எந்தப் பாடநூலும் அன்று, ஒரு வாடகை உடை.

அந்தப் பாடம் வரலாற்றின்படியும் பிழையானது. வேலு நாச்சியார் 1730இல் பிறந்தவர். 1780இல் சிவகங்கையை மீட்டபோது அவருக்கு வயது சுமார் ஐம்பது. கணவரைப் போரில் இழந்து, மகளோடு எட்டாண்டுகள் மறைவில் வாழ்ந்து மீண்ட ஐம்பது வயதுப் பெண்ணின் வேடத்துக்கு இருபத்தெட்டு அங்குல இடுப்பைத் தகுதியாக வைத்தது யார்?

அந்த வெல்வெட்டையே சற்று விசாரிப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராகச் சென்ற பார்சி நாடகக் குழுக்கள் தீட்டிய திரைகளையும் பளபளக்கும் ஆடைகளையும் தென்னகத்துக்குக் கொண்டுவந்தன. நம் நாடகக் கம்பெனிகள் அந்த மோகத்தை வரித்துக்கொண்டன. ரவிவர்மாவின் அச்சுப் படங்களும், நாடகத் திரை தீட்டுவதில் தொடங்கிக் கோவில்பட்டியில் நிலைத்த கொண்டையராஜுவின் நாட்காட்டிப் படங்களும் அரசர்களும் தெய்வங்களும் இப்படித்தான் இருப்பார்கள் என்று வீட்டுச் சுவர்களில் எழுதிவைத்தன. பிறகு சினிமா வந்தது. 1959இன் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1973இன் ‘ராஜராஜ சோழன்’ ஆகியவற்றின் நாயகத் தோற்றங்கள் தமிழ் மனத்தில் பதிந்தன. இவ்விரு படங்களுக்கும் இடையிலான பதினான்கு ஆண்டுகளில் சிவாஜி கணேசனின் உடல் பெருத்திருந்தது. ஆயினும் இரண்டாம் படத்தில் அவருடைய கம்பீரத்துக்குக் குறை வரவில்லை. நட்சத்திரத்துக்கு அளவெடுத்துத்தான் தைப்பார்கள். நகல் எடுத்த வாடகைக் கடைகள் சரிகையை எடுத்துக்கொண்டன, அளவு நாடாவை விட்டுவிட்டன.

உண்மையான ராஜராஜன் காலத்து உடை எப்படி இருந்தது? தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் பிற்கால வண்ணப்பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த சோழ ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கே ராஜராஜனும் கருவூர்த்தேவரும் என்று பலர் கருதும் உருவங்கள் மேற்சட்டை இல்லாமல் நிற்கின்றன. வெல்வெட்டும் இல்லை, முதுகுக் கொக்கியும் இல்லை. தைத்த ஆடையை நம் முன்னோர் அறியாதவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. முல்லைப்பாட்டு யவனருக்கு ‘மெய்ப்பை’ அணிவிக்கிறது. சிலப்பதிகாரத்தின் புகாரில் துன்னகாரர்கள் இருக்கிறார்கள். விஜயநகர அவையில் ‘கபாயி’ என்ற நீண்ட அங்கி மரியாதைக்குரிய உடையாக இருந்தது. ஆனால் பெரும்பாலோருக்கு உடை என்பது சுற்றுவதும் செருகுவதும் முடிவதுமாகவே இருந்தது. உடுத்துபவர் பருத்தால் ஒரு சுற்றுக் குறையும், அவ்வளவே.

மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரின் சிலையைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். 1623 முதல் 1659 வரை ஆண்ட அம்மன்னரின் தொந்தியைச் சிற்பி மறைக்கவே இல்லை. அது செழிப்பின் அடையாளமாக, நடுவில், ஒளிவுமறைவின்றி நிற்கிறது. அவருடைய வேடத்துக்கு ஒட்டிய வயிறு உள்ளவரைத் தேடினால் நாம் சிற்பியைவிட வரலாறு அறிந்தவர்கள் ஆகிவிடமாட்டோம்.

கூத்து மரபும் இதே அறிவைக் காத்துவந்திருக்கிறது. தெருக்கூத்தின் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் இலேசான கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்து, கயிற்றாலும் நாடாவாலும் கட்டப்படுபவை. மலைக்கு அப்பால் கேரளத்தின் கதகளியிலும் இடுப்பைச் சுற்றிக் கஜக்கணக்கில் துணி கட்டி உருவத்தைப் பெருக்குகிறார்கள். அந்தக் கலைகளில் பெரிய உடல் தொந்தரவே இல்லை. சிறிய உடலைத்தான் பெரிதாக்கப் பாடுபடுகிறார்கள்.

அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நீலகிரியின் தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளி, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல்வேலை செய்த போர்வை. அவர்களின் இந்தப் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆணும் பெண்ணும், மெலிந்தவரும் பருத்தவரும் அதைப் போர்த்துகிறார்கள். அதற்குச் சிறியது, பெரியது என்று அளவுச்சீட்டு ஒட்ட முடியாது.

மேலை நாடுகளில் பழைய போர்களை மீண்டும் நடித்துக் காட்டும் குழுக்கள் உண்டு. இங்கிலாந்தின் சீல்டு நாட் 1968இல் தொடங்கியது. பெரிய உடலுக்குப் பொருந்தும் பழங்கால உடைக்காக அங்கும் ஆட்கள் அலைகிறார்கள். ‘அக்காலத்தவர் எல்லாரும் ஒல்லியானவர்கள், அருங்காட்சியகத்தில் பாருங்கள்’ என்ற வாதம் அங்கும் எழுவதுண்டு. பெரிய ஆடைகளைப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டார்கள், எவருக்கும் பயன்படாத சிறியவையே அதிகம் எஞ்சின என்று உடை வரலாறு எழுதுவோர் பதில் சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களின் உள்பாவாடைகூட இரு பக்கமும் நாடாவால் கட்டப்பட்டதுதான். பிள்ளைத்தாய்ச்சியும் அதையே தளர்த்திக் கட்டிக்கொண்டாள். எஞ்சியதை மட்டும் பார்த்து இருந்ததை முடிவு செய்யலாகாது.

ஆகவே நாம் சொல்ல வருவது எளியது. வேடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், உடையைப் பிறகு தேடுங்கள். சோழர் கதை என்றால் வெல்வெட்டை மறந்து, நல்ல கரை வைத்த வேட்டியையும் புடவையையும் உடுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். செலவும் குறையும், வரலாறும் சற்று நெருங்கிவரும். தைத்த அங்கிதான் வேண்டும் என்றால் உள்ளூர்த் தையற்காரரிடம் போங்கள். அவர்கள் ரவிக்கையில் உள்ளே துணி விட்டுத் தைத்து, தேவைப்படும்போது பிரித்து விடுபவர்கள். முதுகில் கொக்கிக்குப் பதில் நாடாவும், கக்கத்தில் சதுரமாக ஒரு துண்டுத் துணியும் வைத்தால் ஓர் அங்கி பல உடல்களுக்குப் பொருந்தும், வாளும் உயரும். சிறிய அங்கியின் அளவை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருக்கினால் தோள் தொங்குமே தவிர உடை பொருந்தாது. அந்த உடலை அளந்தே தைக்கவேண்டும். வாடகைக் கடைக்காரர்களும் பத்துக் கட்டபொம்மன் அங்கிகளில் மூன்றையாவது பெரிய அளவில் வைத்திருக்கலாம். கேட்பவர் இல்லாததால் வைப்பதில்லை என்பார்கள். கேட்டுக் கேட்டு இல்லையென்று திரும்பியவர்கள் கேட்பதை நிறுத்தியிருக்கலாம் அல்லவா?

இன்னோர் ஆசையும் உண்டு. ஓவேலி தன் கதையையே ஒருநாள் மேடையேற்றவேண்டும். 1840களில் ஜேம்ஸ் ஆக்டர்லோனி காப்பி பயிரிடத் தொடங்கிய பள்ளத்தாக்கு இது; அவர் பெயர் தேய்ந்துதான் ஓவேலி ஆயிற்று. காட்டைத் தம் வீடாகக் கொண்ட பணியரும் காட்டுநாயக்கரும், மலையேறி வந்த கூலிகளும், 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கூடலூர்ப் பகுதிக்கு வந்து சேர்ந்த தமிழர்களும் அந்த நாடகத்தில் வருவார்கள். சேலை, வேட்டி, தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு என்று அவர்கள் உடுத்தியவை எல்லாம் சுற்றிக் கட்டியவை, எந்த உடலுக்கும் இடம் கொடுப்பவை. அங்கே அளவெடுத்துத் தைக்கவேண்டிய உடை அநேகமாக ஒன்றுதான் இருக்கும். அது துரையின் கோட்டு.