‘இருந்தால்’, ‘இருந்திருந்தால்’



அவிலா நகர்ப் புனித தெரேசாளும் சிலுவையின் புனித அருளப்பரும் தம் நூல்களை இஸ்பானிய மொழியில் யாத்தனர். அம்மொழியைப் புதிதாகக் கற்போர் பெரிதும் இடறும் இடம் ஒன்றுண்டு. அது நிபந்தனை வினை.

“பணம் இருந்தால் ரொட்டி வாங்குவேன்” என்கிறோம். பணம் கிடைக்கக்கூடும் என்றாலும், அது வெறும் கற்பனை என்றாலும் தமிழில் இதே தொடர்தான். இஸ்பானியரோ இவ்விரண்டையும் பிரித்துக் கூறுவர். நடக்கக்கூடியதாயின் ‘தெங்கோ’, ‘கொம்ப்ராரே’ என்பர். வெறும் எண்ணமாயின் ‘துவியேரா’, ‘கொம்ப்ராரியா’ என்பர். ‘ரியா’ என முடியும் இவ்வடிவமே நிபந்தனை வினை. இது விளைவைக் கூறும் பகுதிக்கு உரியது. நிபந்தனையைக் கூறும் பகுதியிலும் இதனையே வைத்துவிடுவது கற்போர் செய்யும் பிழை.

நம் மொழியில் முன்னோர் “மழை பெய்யின் விளையும்” என்றனர். நன்னூலார் இதனைச் ‘செயின்’ என்னும் வாய்பாட்டில் அடக்குவார். இன்று ‘பெய்தால்’ என்கிறோம். ‘பெய்த்’ என்னும் இறந்தகால அடியோடு ‘ஆல்’ சேர்ந்தும், அது இனி நடக்கவேண்டியதையே குறிக்கிறது.

கொல்லிமலை உழவர் ஒருவர், “மழை பெய்தால் சாமை விளையும்” என்றால் அது நம்பிக்கை. “பெய்திருந்தால் விளைந்திருக்கும்” என்றால் அது ஏக்கம். ‘இரு’ என்னும் துணைவினை நுழைந்ததும் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

அம்மலையில் 1929இல் ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேய ஊழியர் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். ‘இப்படிச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரே’ என்று ஏங்க அவர் துணைவியார் எவலினுக்கு இடமிருந்தது. எனினும் அவர் தம் முதுமையில் அம்மலைக்கே திரும்பிச் சென்றார். மலைவாழ் மக்களுக்குப் பணிபுரிந்து 1974இல் மறைந்தார்.

நம் இல்லங்களில் எவ்வடிவம் மிகுதியாக ஒலிக்கிறது? தேர்வில் தவறிய பிள்ளையிடம், “படித்திருந்தால் தேறியிருப்பாய்” என்கிறோம். அது உண்மையே, ஆயினும் அப்பிள்ளை அதைக் கேட்டு என்ன செய்ய இயலும்? “நாளை முதல் படித்தால் தேறுவாய்” என்றால் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. கணவன் மனைவியரிடையே எழும் பூசல்களும் பெரும்பாலும் ‘சொல்லியிருந்தால்’, ‘கேட்டிருந்தால்’ என்றே வளர்கின்றன.

நடந்ததை ஆராயவேண்டிய வேளையில் ‘இருந்திருந்தால்’ தேவைதான். ஒருமுறை சொல்லிப் பாடம் கற்றபின், பெற்றோரே, ‘இனி இப்படிச் செய்தால்’ என்று பேச்சைத் தொடருங்கள்.