சர்ச் முகாமுக்கு நம்ம தொண்டர்கள் ஏன் போனாங்க?

 

போன பள்ளி விடுமுறையில், நம்ம கோயில் தொண்டர்கள் நாலு பேர், ஒரு தேவாலயம் நடத்திய இளைஞர் முகாமுக்கு வழிகாட்டிகளாப் போனோம். அன்னையிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி: "கோயில்ல தொண்டு செய்றவங்களுக்கு சர்ச்ல என்ன வேலை?" நியாயமான கேள்விதான். கேட்டவங்க மேல வருத்தம் இல்லை. பதிலைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்றோம், பொறுமையாப் படிங்க.

முகாமுக்கு வந்தவங்க 13 முதல் 17 வயசுப் பிள்ளைங்க. சிலர் காப்பகத்தில் வளர்றவங்க. சிலர் படிவம் 2, 3-லேயே பள்ளிக்கூடத்தை நிறுத்தினவங்க. சிலர் வீட்டில் அடிதடியைப் பார்த்தே வளர்ந்தவங்க. பாதிக்கு மேல் நம்ம தமிழ்ப் பிள்ளைங்க. அவங்களோட தமிழில் மனசு விட்டுப் பேச ஆள் பத்தலைன்னுதான் ஏற்பாட்டாளர்கள் நம்மகிட்ட கேட்டாங்க.

போறதுக்கு முன்னாடியே சில விஷயங்களைப் பேசி முடிவு செஞ்சோம். பெற்றோர் அல்லது காப்பாளர் எழுத்து மூலம் சம்மதம் தரணும். ஜெப நேரத்தில் உட்கார விரும்பாத பிள்ளைங்க வெளியே இருக்கலாம். அந்த நேரம் நாங்க அவங்களோட பூப்பந்து விளையாடுவோம். நாங்களும் எங்க சமயத்தை யார் மேலயும் திணிக்க மாட்டோம். எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாங்க, சொன்னபடி நடந்தும் காட்டினாங்க. நம்ம நாட்டு அரசியலமைப்பின் 12ஆவது பிரிவும் இதைத்தான் சொல்லுது. வேறு சமய வழிபாட்டில் கலந்துக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 18 வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் சமயத்தை முடிவு செய்றது பெற்றோர் அல்லது காப்பாளர்.

சரி, சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். "மதம் மாத்திடுவாங்க"ன்னு பயப்படுறோமே, இந்தப் பிள்ளைங்களுக்கு நம்ம வாசல்ல என்ன வச்சிருக்கோம்? தைப்பூசம்னா பத்துமலையில் தண்ணி கொடுக்க, குப்பை அள்ள, 272 படியிலும் கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆள் திரளுது. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்கவும் ஆள் இருக்கு. பள்ளிக்கூடம் போகாத பையன் கோயில் பின்பக்கம் மோட்டார் சைக்கிள் மேல உட்கார்ந்திருந்தா, விரட்டவும் ஆள் இருக்கு. "சாப்பிட்டியா தம்பி, ஏன் ஸ்கூல் போகல?"ன்னு கேட்டு, அடுத்த வாரமும் வந்து கேட்கிறவங்கதான் குறைவு.

தோட்டத்தில் இருந்த காலத்தில் லயம், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாம் கூப்பிடு தூரம். ஒரு பையன் தப்புச் செஞ்சா சாயங்காலத்துக்குள்ள பத்துப் பேருக்குத் தெரிஞ்சிடும். அடுக்குமாடிக்கு வந்த பிறகு அப்பா அம்மா ரெண்டு பேரும் ஷிப்ட் வேலை. பிள்ளை எங்க இருக்கான்னு பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. பல இடத்தில் அவனைத் தேடி முதல்ல வர்றவன் குண்டர் கும்பல்காரன். பேர் சொல்லிக் கூப்பிடுறான், சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறான், தினமும் வர்றான். அவனுக்கு முன்னாடி ஒரு தேவாலயம் போய் நின்னா, நாம கோபப்படுறதா, நன்றி சொல்றதா?

மூணாம் நாள் ராத்திரி ஒரு பையன் கேட்டான்: "முகாம் முடிஞ்சா நீங்களும் போயிடுவீங்கதானே அண்ணா?" அவன் வாழ்க்கையில் வந்த பெரியவங்க எல்லாரும் போனவங்கதான். இதுக்கு வாயால பதில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மறுவாரம் போய் நிக்கணும். காப்பகத்தின் அனுமதியோட, இப்போ மாசம் ரெண்டு சனிக்கிழமை அவனைப் பார்க்கப் போறோம்.

இது நமக்குப் புதுசும் இல்லை. சுவாமி சத்தியானந்தா தொடங்கி, அவருக்குப் பிறகு அன்னை மங்களம் கட்டிக்காத்த சுத்த சமாஜம், இன மத பேதம் பார்க்காம ஆதரவற்ற பிள்ளைங்களை அணைச்சுக்கிட்டது. அப்பர் பெருமான் கையில் பிடிச்ச உழவாரம் நம்ம கோயில் பிராகாரத்தோட நின்னுடக் கூடாது.

அதனால நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மாலை 2 மணி நேரம் மண்டபத்தைக் கொடுங்க. ஒரு பெரியவருக்கு ரெண்டு பிள்ளை, குறைஞ்சது ஒரு வருஷம். நாலு வாரத்தில் நின்னுபோறவங்க தயவுசெய்து பேர் கொடுக்காதீங்க. ஏற்கெனவே ஏமாந்த பிள்ளையை இன்னொரு தடவை ஏமாத்த வேண்டாம்.

கட்டுப்பாடும் வேணும். எந்தப் பெரியவரும் பிள்ளையோட மூடின அறையில் தனியா இருக்கக் கூடாது. பிள்ளைங்க படத்தை முகநூலில் போடக் கூடாது. வீட்டில் அடி, பாலியல் தொல்லைன்னு பிள்ளை சொன்னா, "குடும்ப மானம்"னு மூடி மறைக்காம போலீசுக்கோ, 15999 தாலியான் காசே எண்ணுக்கோ சொல்லணும். சிறார் பாலியல் குற்றங்கள் சட்டம் 2017-ன் படி, தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறதே குற்றம்.

நம்ம மண்டபத்துக்குக் கிறிஸ்தவப் பிள்ளை வந்தாலும் வரட்டும். தேவாரம் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். அங்கே நாம கேட்டு வாங்கின மரியாதையை இங்கே நாமும் கொடுப்போம்.

பேர் கொடுக்க விரும்புறவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் கோயில் அலுவலகத்துக்கு வாங்க.

திருச்சிற்றம்பலம்.