பீங்கானில் பூத்த நீலம்



பெருநாள் வந்தால் மட்டும் அலுமாரியை விட்டு வெளியே வரும் பீங்கான்கள் நம்மில் பலரது வீடுகளில் இருக்கின்றன. பால் போன்ற வெள்ளை. அதன் விளிம்பிலும் நடுவிலும் நீலப் பூக்கள். "உம்மும்மாவின் காலத்துச் சாமான், கவனம்!" என்று பிள்ளைகளை எச்சரித்துக்கொண்டே அதைத் துடைத்து வைக்கிறோம். ஆனால் அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் பஸராவும் காஷானும் சீனாவும் சேர்ந்து நீண்டதொரு கதையைச் சொல்லும். அதில் முஸ்லிம் கைவினைஞர்களின் பங்கு மிகப் பெரியது.

இம்மாதம் அந்தக் கதையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. படம் கீறிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையிலிருந்து நிறப் பெட்டியை வாங்கி, "போய்ப் படிக்கிற வேலையைப் பார்" என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாடசாலையில் சித்திரப் பாடத்தைத் தெரிவுசெய்ய ஆசைப்படும் மகளிடம், "அது நமக்குரியதல்ல" என்று கூறும் பெற்றோரும் உண்டு. நிறங்கள் உண்மையிலேயே நமக்குரியவை அல்லவா?

நிறத்தின் பொருள் எங்கே?

அல்லாஹ் தன் படைப்பின் அத்தாட்சிகளை எண்ணிக் காட்டும் இடங்களில் நிறங்களையும் எண்ணிக் காட்டுகிறான். ஸூறா ஃபாத்திர் (35:27-28) கனிகளின் நிறங்களையும், மலைகளில் ஓடும் வெண்மை, செம்மை, கருமைக் கோடுகளையும், மனிதரிலும் கால்நடைகளிலும் உள்ள நிற வேறுபாட்டையும் சொல்லிவிட்டு, அல்லாஹ்வை அஞ்சுவோர் அறிவுடையோரே என்று முடிகிறது. நிறத்தைப் பற்றிய பேச்சு அறிவில் போய் முடிவதைக் கவனியுங்கள். ஸூறா அர்ரூமில் (30:22) நம் மொழிகளின் வேறுபாட்டோடு நம் நிறங்களின் வேறுபாடும் அத்தாட்சியாகக் கூறப்படுகிறது. பெண் பார்க்கப் போன வீட்டில் நிறத்தைக் குறை சொல்லும் நாக்குகள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

ஒரு நிறத்துக்கு என்றும் மாறாத ஒரே பொருள் உண்டா? புனித கஃபாவின் போர்வை கறுப்பாகவே இருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் வரலாற்றில் அது வெள்ளையாகவும் சிவப்பாகவும் பச்சையாகவும் இருந்திருக்கிறது. அப்பாஸிய கலீஃபா அந்நாஸிரின் ஆட்சியில் (1180-1225) முதலில் பச்சையாகவும் பின்னர் கறுப்பாகவும் போர்த்தப்பட்டது. அதன்பின்தான் கறுப்பு நிலைத்தது. நிறத்துக்கு மதிப்பைக் கொடுப்பது அதைக் கையாளும் மனிதரின் அறிவும் உழைப்பும் எண்ணமுமே. நீலத்தின் கதை இதற்கு நல்ல சான்று.

கிடைக்காத நிறம்

வானமும் கடலும் நீலமாகத் தெரிந்தாலும், அள்ளிப் பூசுவதற்கு நீலம் எளிதில் கிடைப்பதில்லை. பிரான்சின் லாஸ்கோ குகையில் ஆதிமனிதர் வரைந்த ஓவியங்களில் காவிமண்ணின் சிவப்பும் மஞ்சளும் உண்டு, கறுப்பும் உண்டு, நீலம் இல்லை.

எகிப்தியர் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்னரே மணலையும் சுண்ணாம்பையும் செம்புத் தாதுவையும் சேர்த்து உலையில் சுட்டு நீலப் பொடி செய்தனர். மனிதன் செயற்கையாகச் செய்த மிகப் பழைய நிறங்களுள் அதுவும் ஒன்று. இயற்கையான நல்ல நீலத்துக்கோ, ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் உள்ள ஸரெ ஸங் சுரங்கத்துக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே வெட்டியெடுக்கப்பட்ட கருநீலக் கல்லைப் பாரசீகர் 'லாஜவர்த்' என்றனர். நீலத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான 'அஸூல்' இச்சொல்லிலிருந்து பிறந்ததே.

முஸ்லிம்கள் இந்த அரிய நிறத்தை முதலில் எங்கெல்லாம் வைத்தார்கள் தெரியுமா? அவற்றுள் ஒன்று முஸ்ஹஃபின் ஏடு. 9ஆம் அல்லது 10ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'நீலக் குர்ஆன்' உலகப் புகழ் பெற்றது. பதனிட்ட தோலுக்கு அவுரிச் சாயத்தால் நீலம் ஏற்றி, அதன்மேல் கூஃபி எழுத்தில், ஏட்டுக்கு 15 வரிகளாகத் தங்கத்தால் எழுதியிருக்கிறார்கள். இரவு வானில் ஒளி கோடிட்டது போல் இருக்கும். இதன் ஏடுகளுள் பெரும்பகுதி இன்று தூனிஸியாவில் பாதுகாக்கப்படுகிறது.

பஸராவின் குயவர்கள்

இனி நம் பீங்கானுக்கு வருவோம். அப்பாஸியர் காலத்தில் சீனாவிலிருந்து வெண்ணிறப் பாத்திரங்கள் கப்பல் வழியாக ஈராக்குக்கு வந்தன. அவற்றின் வெண்மை எல்லோரையும் கவர்ந்தது. ஆனால் பஸராவின் குயவர்களிடம் அந்த வெண்களிமண் இல்லை. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. தங்கள் ஊர் மண்ணால் வனைந்த பாத்திரத்துக்கு வெள்ளீயம் கலந்த மெருகைப் பூசி அதை வெண்மையாக்கினார்கள். அத்தோடு நிற்காமல், அந்த வெண்மையின்மேல் கோபால்ட் தாதுவால் இலைகளையும் பூக்களையும் அரபு எழுத்துக்களையும் நீலத்தில் தீட்டினார்கள். 9ஆம் நூற்றாண்டில் நடந்த இந்த வேலை, வெள்ளையில் நீலம் என்ற அழகுக்கு உலகின் ஆரம்பகால எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகும்.

அக்காலக் கடல் வாணிபத்தில் நம் நாடும் விலகியிருக்கவில்லை. மன்னார் மாவட்டத்தின் மாந்தையில் நடந்த அகழ்வாய்வில், பாரசீக வளைகுடாப் பகுதியிலிருந்து வந்த நீலப்பச்சை மெருகுச் சாடிகளின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

காஷானிலிருந்து சீனாவுக்கு

ஈரானின் காஷான் நகரம் பின்னர் இக்கலையின் தலைநகராயிற்று. வர்ண மெருகிட்ட ஓடுகளுக்குப் பாரசீகத்தில் 'காஷி' என்று பெயர் வந்ததே இவ்வூரால்தான். தலைமுறை தலைமுறையாகப் பாத்திரம் செய்த குடும்பமொன்றில் பிறந்த அபுல் காஸிம் என்பவர், ஹிஜ்ரி 700இல் (கி.பி. 1301) இத்தொழிலின் நுட்பங்களை நூலில் எழுதிவைத்தார். நீலம் தரும் தாது காஷானுக்கு அருகே கம்ஸர் கிராமத்தில் கிடைக்கிறது என்றும், தொழிலாளர் அதை 'ஸுலைமானி' என்று அழைக்கிறார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார்.

பின்னர் கதை தலைகீழாகத் திரும்பியது. பாரசீகத்து கோபால்ட் சீனாவின் ஜிங்தெஷென் நகரச் சூளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே வெண்களிமண் இருந்தது. நீலம் முஸ்லிம் நாடுகளிலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்து, இன்று நாம் 'சீனப் பீங்கான்' என்று மெச்சும் பொருள் பிறந்தது. 1351ஆம் ஆண்டைப் பொறித்த இரண்டு நீலப் பூச்சாடிகள் லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றன. சீனர் அந்த நீலத்துக்கு வைத்த பெயர்களுள் ஒன்றின் பொருளே 'முஸ்லிம்களின் நீலம்' என்பதாகும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஜெங்தே பேரரசரின் காலத்துப் பீங்கான்கள் சிலவற்றில் அரபு, பாரசீக வாசகங்களையே நீலத்தில் காணலாம்.

நாம் வாயில் வழங்கும் 'பீங்கான்' என்ற சொல்லும் பாரசீகத்து 'பிங்கான்' என்பதன் வழியே வந்ததுதான். அரபிகள் காப்பி அருந்தும் 'ஃபின்ஜான்' அதன் உடன்பிறப்பு.

இவ்வேலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கோபால்ட் பூசும்போது அது நீலமாகத் தெரியாது. மங்கிய கறுப்பாக, சாம்பல் படிந்தது போல் இருக்கும். மேலே மெருகிட்டு, சுமார் 1,300 பாகை வெப்பத்தில் சூளையில் வெந்து வெளியே வந்தால்தான் நீலம் மலரும். தீட்டுகிறவர் கண்ணால் காணாத நிறத்தை மனதில் வைத்தே தீட்டவேண்டும். கொஞ்சம் தடித்தால் கறுத்துப்போகும், மெலிந்தால் வெளிறிப்போகும். ஒருமுறை இழுத்த கோட்டை அழிக்கவும் இயலாது. எத்தனை பொறுமை வேண்டும்!

பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1611இல் அர்தபீல் நகரிலுள்ள தம் முன்னோரின் அடக்கத்தலத்துக்கு 1,162 சீனப் பீங்கான்களை வக்ஃபாக வழங்கினார். அதே காலத்தில் இஸ்ஃபஹானில் அவர் கட்டிய பள்ளிவாசல்களின் குவிமாடங்கள் நீல ஓடுகளால் ஒளிர்ந்தன. அங்கே ஒரு முகமும் வரையப்படவில்லை. கொடியும் பூவும் கோணமும் எழுத்தும் நிறமும் மட்டுமே. அவற்றைப் பார்க்க இன்றும் உலகம் முழுவதிலுமிருந்து மக்கள் வருகிறார்கள்.

மன்னரின் நிறம் வாளிக்கு வந்தது

பதக்‌ஷான் கல்லை அரைத்தெடுத்த நீலம் வெனிஸ் வணிகர் மூலம் ஐரோப்பாவுக்குச் சென்றது. 'கடலுக்கு அப்பாலிலிருந்து வந்தது' என்ற பொருளில் அதை 'அல்ட்ராமரின்' என்றனர். பொன்னோடு போட்டியிடும் விலை என்பதால், மர்யம் (அலை) அவர்களின் மேலாடையைத் தீட்டுவதற்கென்று கிறிஸ்தவ ஓவியர்கள் அதை ஒதுக்கி வைத்தனர். விலையே அங்கு மரியாதையின் அடையாளமாயிற்று.

1824இல் பிரான்சில் ஒரு சங்கம், இந்த நீலத்தை மலிவாகச் செய்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு என அறிவித்தது. ஷான் பத்திஸ்த் கிமே என்பவர் அதில் வென்றார். அதன் பிறகு அந்த நீலம் எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? வெள்ளைத் துணியைக் கடைசியாக அலசும்போது நம் தாய்மார் தண்ணீரில் கரைத்த சலவை நீலம் இருக்கிறதே, அதுவேதான்! ஐரோப்பிய மன்னர்கள் விலை பேசிய நிறம், வாப்பாவின் ஜும்ஆச் சட்டையை வெளுக்கும் வாளிக்கு வந்துவிட்டது.

அணைந்துபோன சிவப்பு

துருக்கியின் இஸ்னிக் ஊரில் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்குள்ள குயவர்கள் 1550களில் தக்காளிச் சிவப்பு நிறமொன்றை ஓடுகளில் கொண்டுவந்தார்கள். தொட்டால் விரலில் தடிப்பாகத் தட்டுப்படும் சிவப்பு அது. 1557இல் நிறைவுற்ற இஸ்தான்பூல் ஸுலைமானிய்யா பள்ளிவாசலில் அதைக் காணலாம். 1609இல் கட்டத் தொடங்கிய ஸுல்தான் அஹ்மத் பள்ளிவாசலை 20,000க்கும் மேற்பட்ட ஓடுகள் அலங்கரிக்கின்றன. ஆனால் அந்த நூற்றாண்டிலேயே சிவப்பு மங்கி, தரம் தாழ்ந்து, சூளைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்தச் சிவப்பை மீண்டும் கொண்டுவர 20ஆம் நூற்றாண்டில் பெரும் ஆராய்ச்சி தேவைப்பட்டது. அடுத்த தலைமுறையின் கைக்குப் போகாத கலை இப்படித்தான் மறைகிறது. மருதமுனைத் தறிகளில் நூலுக்குச் சாயமேற்றத் தெரிந்தவர்களைக் கொண்ட நமக்கும் இது பொருந்தும்.

சகோதரிகளே! உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது குறித்து மார்க்க அறிஞர்கள் கூறும் வரையறைகளை நாம் அறிவோம். அவற்றைப் பேணிய கைவினைஞர்களும் நிறங்களைக் கைவிட்டுவிடவில்லை. பூவிலும் இலையிலும் எழுத்திலும் தம் அறிவைக் காட்டினார்கள். ஆகவே பிள்ளை நிறப் பெட்டியோடு வந்து நின்றால் விரட்டாதீர்கள். கவராயத்தையும் அடிமட்டத்தையும் கொடுத்து, வட்டத்துக்குள் நட்சத்திரம் கீறச் சொல்லுங்கள். முற்றத்து இலையைப் பறித்து வந்து, அதில் எத்தனை பச்சை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். சித்திரப் பாடத்தை விரும்பும் மகளிடம், மறுப்பதற்கு முன்னால் அலுமாரியிலுள்ள அந்த நீலப் பீங்கானை எடுத்துக் காட்டி, இந்தக் கதையைச் சொல்லுங்கள். அதன்பின் அவளோடு கலந்து பேசி முடிவெடுங்கள்.

நம் பிள்ளைகளின் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!