சாவியைக் கொடுத்தோம், திரும்ப வாங்கினோமா?



எங்கள் மண்டியில் எட்டு வருடம் கணக்கெழுதிய குமாஸ்தா ஒருவர் சென்ற ஆண்டு வேலையை விட்டு நின்றார். மரியாதையாகத்தான் போனார். கல்லாச் சாவி, கிட்டங்கிச் சாவி இரண்டையும் மேஜைமேல் வைத்தார். பாக்கியைத் தீர்த்து, வேட்டி துண்டு கொடுத்து அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து, வாடிக்கையான மளிகைக் கடைக்காரர் ஒருவர் போனில், "அண்ணாச்சி, நீங்கள் துவரம்பருப்பு விலையை இறக்கினால், அரை மணி நேரத்தில் இன்னொரு மண்டியில் அதைவிட அரை ரூபாய் குறைத்துச் சொல்கிறார்களே, எப்படி?" என்று கேட்டார்.

விசாரித்ததில் தெரிந்தது. நாங்கள் தினமும் கூகுளில் ஏற்றும் விலைத்தாளைப் பார்க்க, அந்தக் குமாஸ்தாவின் சொந்த ஈமெயிலுக்கு அனுமதி கொடுத்திருந்தோம். அதை யாரும் எடுக்கவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இரும்புச் சாவியைக் கேட்டு வாங்கிய நான், இதைக் கேட்கவில்லை. விலை போனால் போகட்டும். எந்தக் கடை எவ்வளவு பாக்கி என்பதும் அதே தாளில் இருந்ததே! நம்மை நம்பிக் கடன் வாங்கியவர்களின் மானம் அல்லவா அது?

கோவையில் கம்ப்யூட்டர் படிக்கும் என் பேத்தியிடம் இதைச் சொன்னேன். "தாத்தா, இது உங்கள் மண்டிப் பிரச்சினை மட்டுமில்லை, பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களே இதில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்" என்றாள். அவள் சொன்ன முறைக்கு 'அட்ரிப்யூட் பேஸ்டு என்கிரிப்ஷன்' என்று பெயர். தகுதிப் பூட்டு என்று நான் வைத்துக்கொண்டேன். 2005இல் அமித் சகாய், பிரென்ட் வாட்டர்ஸ் என்ற இருவர் இதற்கு அடிப்படை போட்டார்கள். 2007இல் ஜான் பெத்தன்கோர்ட்டும் அவர்களோடு சேர்ந்து, பூட்டிலேயே நிபந்தனையை எழுதும் வகையைக் கொண்டுவந்தார்.

அதாவது, ஆளின் பெயரைப் பார்த்துத் திறக்கும் பூட்டு அல்ல இது. 'விற்பனைப் பிரிவாகவும் இருக்க வேண்டும், விருதுநகர் கிளையாகவும் இருக்க வேண்டும்' என்று தாளைப் பூட்டி வைத்தால், அந்த இரண்டு தகுதியும் ஒரே சாவியில் உள்ளவருக்குத்தான் திறக்கும். ஆளுக்கு ஒரு தகுதியாக வைத்திருக்கும் இருவர் சாவிகளைச் சேர்த்துப் பார்த்தாலும் திறக்காது. தாளை வைத்திருக்கும் கம்பெனிக்காரனாலும் படிக்க முடியாது. கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது.

ஆனால் சிக்கல் ஆள் விலகும்போதுதான். 'விற்பனைப் பிரிவு' என்ற தகுதி பத்துப் பேர் சாவியில் இருக்கிறது. ஒருவர் போகிறார். அவருக்காகப் பூட்டை மாற்றினால் மீதி ஒன்பது பேருக்கும் புதுச் சாவி அடித்துத் தர வேண்டும், பழைய தாள்களையும் மறுபடி பூட்ட வேண்டும். இன்னொரு வழி, சாவியிலேயே காலக்கெடு வைப்பது. நம் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் காலம் தீர்ந்ததும் மறுமுத்திரை வைக்கிறோமே, அதுபோல. கெடு முடிந்தால் விலகியவருக்குப் புதுப்பிக்க மாட்டோம். ஆனால் கெடு முடியும்வரை அவர் கையில் பழைய சாவி செல்லுமே! விலகியவர் பெயரைப் பூட்டிலேயே விலக்கி எழுதும் வழியும் உண்டாம். ஆட்கள் போகப் போகப் பட்டியல் நீளும். எந்த வழியானாலும், ஏற்கெனவே படித்து நகல் எடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது.

இத்தனை கணிதம் நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். பத்துப் பேருக்கு ஒரே சாவி என்ற அதே தவறைத்தானே நாம் தினமும் செய்கிறோம்! பில் போடும் கம்ப்யூட்டருக்குக் கடை முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டு. அதுவும் பெரும்பாலும் முதலாளி மகன் பெயர். ஒருவர் போனால் மற்ற எல்லோருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டுமே என்ற சோம்பலில் அப்படியே விட்டுவிடுகிறோம். டாலியில் ஆளுக்குத் தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் போடலாம். போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஜி.எஸ்.டி. தளத்தில் ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது என்று பாருங்கள். கணக்கரின் உதவியாளர் நம்பர் அங்கே இருந்தால், அவர் வேலை மாறும் அன்று நமக்குத்தான் திண்டாட்டம்.

சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்கள், 'எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம் சார்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒருவரை எப்படி நிறுத்துவது, நிறுத்திய நிமிடத்திலிருந்து அவரால் என்னென்ன பார்க்க முடியாது என்று கேட்டால், ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்கள். அதற்கு எழுத்தில் பதில் தராதவர்களுக்கு நம் சங்கக் கூட்டத்தில் விளக்கம் காட்ட இடம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

சங்கத்தையும் சும்மா விட மனமில்லை. நான் செயற்குழுவிலிருந்து விலகி இரண்டு தேர்தல் ஆகிவிட்டது. உறுப்பினர்களின் போன் நம்பரும் சந்தா பாக்கியும் உள்ள சங்கக் கோப்பு, போன வாரம் என் போனில் தாராளமாகத் திறந்தது. செயலாளர் அவர்கள் இந்த இதழ் அச்சேறுவதற்குள் என்னை அதிலிருந்து நீக்கிவிட்டால் மகிழ்ச்சி அடைவேன்.