கூரையில்லாதவனுக்கு வெயிலில் பங்கு உண்டா?

மதுக்கரை வட்டாரத்தில் இப்பொழுது வீட்டுக்கு வீடு ஏஜெண்டுகள் வருகிறார்கள். "சூரியத் தகடு போடுங்கள், கரண்ட் பில் அடியோடு நின்றுவிடும், சர்க்கார் மானியம் தருகிறது" என்கிறார்கள். சிமிண்ட் ஆலைத் தொழிலாளியும், மில் தொழிலாளியும், தோட்டக் கூலியும் நம்மிடம் கேட்கிறார்கள்: "போடலாமா, வேண்டாமா?" கேள்வி நியாயமானது. கையெழுத்துப் போடுமுன் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சாதாரணத் தொழிலாளி வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. பல்பு நாலு, தினம் 5 மணி நேரம். 75 வாட் மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம். டெலிவிஷன் நாலு மணி நேரம். மிக்ஸியும் கிரைண்டரும் சிறிது நேரம். இவ்வளவும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 2.2 யூனிட். சின்ன பிரிட்ஜ் இருந்தால் இன்னும் ஒரு யூனிட். ஆக 3.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 192. இதில் விசிறிகள் மட்டும் ஒன்றரை யூனிட் தின்கின்றன என்பதைக் கவனிக்கவேண்டும்.

கோவைப் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு, வருஷ சராசரியில், நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் மேகமும் ஏறிவரும் ஆனி, ஆடியில் குறையும். மாசி, பங்குனியில் கூடும். ஆகவே இந்த வீட்டுக்கு ஒரு கிலோவாட் தாராளம். அதற்குமேல் போடச் சொல்கிறவன் உங்கள் தேவையைப் பார்க்கவில்லை, தன் கமிஷனைப் பார்க்கிறான்.

விலை என்ன? மத்திய சர்க்கார் 2024 பிப்ரவரியில் அறிவித்த சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம். மூன்று கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அவ்வளவுதான். கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய், மூன்றாவதற்கு 45,000 என்ற மதிப்பில் இந்த மானியம் வகுக்கப்பட்டது. கடைவிலை பெரும்பாலும் இதைவிடக் கூடுதல். இருந்தாலும் சர்க்கார் மதிப்பையே எடுத்துக்கொள்வோம்: ஒரு கிலோவாட்டுக்கு மானியம் போக நம் கையிலிருந்து 20,000 ரூபாய்.

இருபதாயிரம் போட்டால் எவ்வளவு மிச்சமாகும்? ஏஜெண்டு சொல்லாமல் விடும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. 2016 மே மாதத்து உத்தரவின்படி வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்றாயிற்று. 192 யூனிட் செலவழிக்கும் வீடு காசு கொடுப்பது 92 யூனிட்டுக்கு மாத்திரமே. தகடு தரும் மின்சாரத்தில் பாதி, ஏற்கெனவே இலவசமாகக் கிடைத்ததற்குப் பதிலாக வருகிறது. மிச்சமாவது இருநூறு, முந்நூறு ரூபாய்தான். முதல் திரும்பப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். தகடு இருபத்தைந்து வருஷம் உழைக்கும், உண்மை. ஆனால் இன்வெர்ட்டர் பத்து வருஷத்துக்குள் மாற்றும்படி ஆகலாம். போட்ட பணம் திரும்புமுன் இன்னொரு செலவு!

பங்களாக்காரர் கணக்கோ வேறு. ஏ.சி. ஓடும் வீட்டில் 800 யூனிட். 2024 ஜூலை விகிதப்படி 600-க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய் 65 காசு. அவர் 67,000 ரூபாய் கைமுதல் போட்டு மூன்று கிலோவாட் வைத்தால் இரண்டு மாதத்துக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். மற்றக் கட்டணங்கள் சற்றே இழுத்தாலும் நாலு வருஷத்தில் முதல் திரும்பிவிடும். மானியத்திலும் பெரும்பங்கு அவருக்கே. நம் வரிப்பணமும் அதில் சேர்ந்திருக்கிறது.

இதுவும் சொந்தமாகத் தளம் போட்ட வீடு உள்ளவனுக்குத்தான். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவனுக்குக் கூரை ஏது? ஓடும் சிமிண்ட் ஷீட்டும் வேய்ந்த வீடு தகட்டின் பாரத்தையும் கணவாய்க் காற்றையும் தாங்குமா?

கரண்ட் போனாலும் விளக்கு எரியும் என்று நம்பிப் பணம் கட்டவேண்டாம். மின்வாரியக் கம்பியோடு இணைந்த தகடு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. விளக்கு எரிய வேண்டுமானால் பாட்டரி தனியே வாங்கவேண்டும். சாதாரண பாட்டரியை நாலைந்து வருஷத்துக்கு ஒருதரம் மாற்றவேண்டும்.

பாட்டரி விஷயத்தில் கிராமத்து அனுபவம் உண்டு. 2011-இல் ராஜ்ய சர்க்கார் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடும் ஐந்து சூரிய விளக்குகளும் தரப்பட்டன. நல்ல காரியம், அதைக் குறைகூற மாட்டோம். ஆனால் பாட்டரி செத்த பிறகு புதிது வாங்கக் கூலிக்காரனிடம் பணம் எங்கே?

அப்படியானால் தகடே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. சொந்தத் தளமும் 400, 500 யூனிட் செலவும் உள்ள தொழிலாளி போடலாம். தெற்கு நோக்கிச் சிறு சாய்வாக வைக்கவேண்டும். தாங்கியைத் தளத்தில் உறுதியாகப் பிணைக்கவேண்டும். குவாரிப் புழுதி படியும் நம் ஊரில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவவேண்டும். 2025 செப்டம்பரில் தகட்டு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பில்லில் அது குறைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 200 யூனிட்டுக்குள் இருப்பவர்கள் முதலில் விசிறியை மாற்றட்டும். முப்பது வாட்டில் சுற்றும் புதுவகை விசிறி இரண்டு போட்டால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் குறைகிறது.

லைன் வீட்டுக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் வழி இல்லாமல் இல்லை. எங்கோ ஓரிடத்தில் பொதுவாகத் தகடு நாட்டி, அதன் மின்சாரத்தைப் பல வீடுகளின் பில்லில் பங்கிட்டுக் கழிப்பதற்கு டில்லியில் 2019-லேயே விதி வகுத்தார்கள். மதுக்கரையில் நகராட்சிக் கட்டடங்கள் உண்டு, பள்ளிக்கூட மாடிகள் உண்டு, கல் வெட்டி முடித்த தரிசும் உண்டு. 1932-இல் பைகாரா மின்சாரம் வந்தபோது கோவை மில்கள் பெருகின. மில்லை ஓட்டியவன் வீட்டுக்கு விளக்கு வரப் பல காலம் ஆயிற்று. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிக்கு இரையானார்கள். உழவுக்கு இலவச மின்சாரம் 1990-இல் வந்தது.

ஆகவே ஒவ்வொரு லைனிலும், ஒவ்வொரு காலனியிலும் வாடகை வீடு எத்தனை, இரண்டு மாத யூனிட் எவ்வளவு என்று தோழர்கள் கணக்கெடுக்கவேண்டும். அந்தக் கணக்கோடு நகராட்சியிடமும் மின்வாரியத்திடமும் போய், பொதுக் கூரையில் பங்கு கேட்கவேண்டும்.