இயந்திரத்திடம் யோசனை கேட்கலாமா?

வாப்பாவின் காலத்தில் எங்கள் புடவைக் கடையில் பெரிய முடிவு ஒன்று எடுப்பதென்றால், கடை அடைத்த பின் நாலு பேர் கூடுவார்கள். மாமா, பக்கத்துக் கடை முதலாளி, கணக்கப்பிள்ளை, வாப்பா. ஒருவர் 'செய்யலாம்' என்றால் மற்றவர் 'ஏன் கூடாது' என்று சொல்வார். அந்த மஷூராவினால் நாங்கள் தப்பிய நட்டங்கள் பல.

இன்று எம்மில் பலர் தனித்தே முடிவெடுக்கிறோம். பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டால் இரகசியம் போய்விடும் என்ற பயம். இந்த இடத்துக்குத்தான் இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதைத் தொடர்ந்து ஜெமினி, கிளாட் என்று பல வந்துவிட்டன. கைத்தொலைபேசியில் தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும். எம்மவர்கள் சிலர் இதை விளம்பரம் எழுதவும் ஆங்கிலக் கடிதம் எழுதவும் பாவிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இதை விடப் பெரிய பயன் ஒன்று உண்டு என்பதை நான் அனுபவத்தில் கண்டேன்.

கடந்த வருடம் மகன் அடுத்த ஊரில் இரண்டாவது கடை போட வேண்டும் என்று நின்றார். முற்பணத்துக்கும் சரக்குக்கும் 40 இலட்சம் ரூபா. அதில் பாதி கடன். இப்படியான ஒரு செயலியிடம் விபரத்தைச் சொல்லி "இது சரிவருமா?" என்று கேட்டேன். "மிகச் சிறந்த யோசனை" என்று புகழ்ந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்பவரின் மனம் நோகாமல் ஆமாம் போடுவது இவற்றின் குணம். அப்படிப்பட்ட ஆலோசகரை வாப்பா கடை வாசலிலும் இருத்தியிருக்க மாட்டார்.

மறுநாள் கேள்வியை மாற்றினேன். "இந்தக் கடை ஒரே வருடத்தில் மூடப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள். காரணங்களைச் சொல்" என்றேன். தோல்வியை முன்கூட்டியே கற்பனை செய்து காரணம் தேடும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் கெரி கிளைன் 2007 இல் ஹாவர்ட் பிஸினஸ் ரிவியூ சஞ்சிகையில் விளக்கியிருந்தார். பத்துக் காரணங்கள் வந்தன. எட்டு யாருக்கும் தெரிந்தவை. ஒன்று எங்களுக்குப் பொருந்தாதது. மற்றது ஒரு கேள்வி: "நீங்கள் புதிய கடையில் நிற்கும்போது பழைய கடைக்கு யார் வாடிக்கையாளர்?"

அதை எங்கள் கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் பதினெட்டு வருடமாக எங்களோடு இருப்பவர். "நீங்க கொழும்புக்குப் போற நாள்ல பாதிப் பேர் நாளைக்கு வாறம் என்டு திரும்பிப் போறாங்க முதலாளி" என்றார். விற்பனைப் புத்தகத்தைப் புரட்டினேன். உண்மைதான். இதை அவரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மகனுக்கு முகம் வாடிவிட்டது. "வாப்பா, உங்களுக்குப் பிடித்த பதில் வரும்வரை கேட்டீங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இயந்திரத்தை எந்தப் பக்கமும் பேச வைக்கலாம். ஆகவே அதன் பதிலை நான் முடிவாக எடுக்கவில்லை. புத்தகமும் கணக்கப்பிள்ளையும் சொன்னதைத்தான் எடுத்தேன். கடைசியில் நோன்புப் பெருநாள் காலத்துக்கு மட்டும் அங்கே ஒரு சிறு இடத்தை வாடகைக்கு எடுத்து, மகனையே பொறுப்பாக வைத்துப் பார்ப்பதென்று இணங்கினோம். கடன் எடுக்கவில்லை.

இன்னும் இரண்டு விடயங்களில் கவனம் தேவை. அதே செயலியிடம் வற் வரி எவ்வளவு என்று கேட்டேன். 15 வீதம் என்றது. 2024 ஜனவரியிலேயே அது 18 வீதமாகிவிட்டது. பழைய எழுத்துக்களைப் படித்துப் பழகி, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துப் பேசும் இயந்திரம் அது. தெரியாததையும் தெரிந்தது போலவே சொல்லும். வரி, சட்டம், விலை என்பவற்றை உரியவர்களிடமே கேளுங்கள்.

அடுத்தது, கடன் புத்தகத்தில் உள்ள பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் அதில் போடாதீர்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டுள்ளது. சட்டம் ஒரு புறமிருக்க, எங்களை நம்பிக் கடன் சொன்னவரின் மானம் அது.

இதைப் பாவிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாவியுங்கள். ஆனால் 'நான் சொல்வது சரியா' என்று கேட்காமல் 'எங்கே பிழை' என்று கேளுங்கள். வருகின்ற பதிலோடு உங்கள் கடையில் வேலை செய்பவரிடம் போங்கள். வாப்பாவின் நாலு பேரில் ஐந்தாவது ஆளாக அது இருக்கலாம். மற்ற நாலு பேரையும் எழுப்பி அனுப்பிவிட்டு அதை மட்டும் வைத்துக்கொள்வது நட்டத்தில்தான் முடியும்.