சாக்கடையில் நிற்பவர் எந்தக் கணக்கில் வருகிறார்?

ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமிகள் பற்றிப் பேச்சு வந்தாலே, விரல் முதலில் நீளுவது ஏழைகளை நோக்கித்தான். சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்குகிறார்களாம், காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்திவிடுகிறார்களாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவர் வேறு என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆபத்து உண்மையானது. 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இத்தகைய தொற்றுகளால் நேரடியாக இறந்ததாக லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் இந்தக் கிருமிகள் மாத்திரைப் பட்டையில் மட்டும் உருவாவதில்லை. மருந்தும் கிருமியும் கலக்கும் கழிவுநீரில், பிழைத்த கிருமிகள் தங்கள் எதிர்ப்பு மரபணுவை மற்றவற்றுக்கும் கடத்துகின்றன. ஐதராபாத் அருகே பட்டன்சேருவில், மருந்து ஆலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து சாப்பிடும் நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. 2011இல் வெளியான இன்னொரு ஆய்வில், தில்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இல் என்டிஎம்-1 மரபணு இருந்தது. கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கார்பபெனெம் மருந்துகளையே முறிக்கும் மரபணு அது.

ஆய்வு மாணவியாக நான் படித்த கட்டுரைகளில் தண்ணீர் மாதிரியின் எண்ணிக்கை இருக்கும். அந்தத் தண்ணீரில் நிற்பவர் யார் என்ற வரி பெரும்பாலும் இருக்காது. நமக்குத் தெரியும். பாதாளச் சாக்கடையில் இறங்குபவர்களும் வார்டில் சீழும் இரத்தமும் துடைப்பவர்களும் பெரும்பாலும் தலித்துகள், தமிழ்நாட்டில் குறிப்பாக அருந்ததியர்கள். பலருக்கு ஒப்பந்த வேலை, ஒழுங்கான கையுறைகூடக் கிடையாது.

மலக்குழி மரணத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விஷவாயுச் சாவுகளைக் கணக்கில் ஏற்றவே இத்தனை ஆண்டு போராட வேண்டியிருந்தது. ஆனால் குழிக்குள் காலில் பட்ட கீறல் சீழ்பிடித்து, எந்த மருந்துக்கும் கேட்காமல், மூன்று வாரம் கழித்து ஒருவர் இறந்தால்? சான்றிதழில் 'செப்சிஸ்' என்று இருக்கும். அவர் எந்தக் குழியில் இறங்கினார் என்று இருக்காது.

ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் அளவுக்கு வரம்பு வைக்க 2020இல் ஒன்றிய அரசு வரைவு விதி வெளியிட்டது. 2021இல் வந்த இறுதி விதியில் அந்த வரம்பு இல்லை. முதலாளிக்கு வரம்பு கிடையாது, ஏழைக்கு மட்டும் 'மாத்திரையை முழுசாகச் சாப்பிடு' என்ற அறிவுரை!

அந்த வரம்பு திரும்ப வர வேண்டும். குழிக்குள் மனிதர் இறங்குவது நிற்க வேண்டும். தூய்மைப் பணியாளருக்கு நிரந்தர வேலையும் சம்பளத்தோடு நோய் விடுப்பும் வேண்டும். அவருக்கு வரும் மருந்துக்கு அடங்காத தொற்று, தொழில்நோயாகப் பதிவாக வேண்டும். பதிவே இல்லாத சாவுக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?